எட்டுத் தறியும் நின்றபோது

புடவைக்குப் பின்னால் ஒரு எருமை அழுதுகொண்டிருக்கிறது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, நடுநடுவே "ஏனுங்க, என்னைய ஏனுங்க குட்டைக்குள்ள உடமாட்டேங்கறீங்க?" என்று நியாயமும் கேட்கிறது. வகுப்பறையின் எதிரெதிர் சன்னல்களுக்கு இடையே கயிறு கட்டி, அதில் பழைய சுங்குடிப் புடவை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்கு இந்தப் பக்கம் தரையில் இருபத்தாறு பிள்ளைகள். ஒருவர் வாயும் மூடியிருக்கவில்லை. எருமை ஒருவழியாகக் குட்டையில் கால் வைக்கிறது, தண்ணீருக்குள் ஏதோ அசைகிறது, அது என்னவென்றால்... அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது. புடவைக்கு மேலாகப் புத்தகம் ஒன்று பறந்து வந்து தரையில் விழுந்தது. "மிச்சத்த நீங்களே படிச்சுக்கோங்க சாமி. எருமைக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

பிள்ளைகள் அந்தப் புத்தகத்தின் மேல் விழுந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனேன். நான் படித்த பள்ளியில் புத்தகத்தைப் பிடுங்குவது வாத்தியார் மட்டும்தான், அதுவும் எங்கள் மண்டையில் அடிப்பதற்காக. இங்கே ஒருத்தி எழுத்துக்கூட்டுகிறாள், இரண்டு பேர் அவள் தோளில் தொங்குகிறார்கள், ஒருவன் "சத்தமாப் படி புள்ள" என்று அதட்டுகிறான். ஐந்து நிமிடத்தில் குட்டைக்குள் இருந்தது ஆமைதான் என்று வகுப்பே கண்டுபிடித்துவிட்டது.

புடவையை விலக்கிக்கொண்டு தனப்பிரியா டீச்சர் வெளியே வந்தார். முப்பத்துநான்கு வயது, குள்ளமான உருவம். கொண்டையில் சாக்பீஸைச் செருகிவிட்டு அதையே வகுப்பெல்லாம் தேடுவார். பிள்ளைகள் கொண்டுவரும் முறுக்கில் கூசாமல் பங்கு கேட்பார். சொந்த ஊர் எருமப்பட்டிப் பக்கம். சின்ன வெங்காயமும் சோளமும் போடுகிற குடும்பம். இப்போது ஜலகண்டாபுரத்தில் குடியிருந்துகொண்டு, பக்கத்தில் விசைத்தறிகள் நிறைந்த ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளிக்கு ஸ்கூட்டரில் வந்துபோகிறார். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து அவர் பொறுப்பு. ஊர்ப் பெயரை எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்த புதிதில் தறிச் சத்தத்தில் தைலம் தேய்த்துத் தேய்த்து நெற்றியே கறுத்துப்போனதாம்.

அவருடைய இருபத்தாறு பேரில் பத்துப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள். ஆறு பேர் தெலுங்கு. மூன்று பேர் ஒடிசாவிலிருந்து தறி ஓட்ட வந்தவர்களின் பிள்ளைகள். மிச்சம் ஏழு பேருக்குத்தான் தமிழ். இதை ஒரு குறையாகச் சொல்லி அழுகிற ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் எருமையை விட்டு அந்த மொழிகளைப் பேச வைக்கிறார். "ஊட்டா ஆயித்தா?" என்று எருமை கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிக்கும். ஒடியாவில் தண்ணீர் கேட்கும்போது வேண்டுமென்றே கோணல்மாணலாகக் கேட்கும். அதுவரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த ஒடிசாப் பிள்ளை பொறுக்க முடியாமல் எழுந்து, "பாணி! பாணி!" என்று எருமையைத் திருத்துவாள். திருத்தினவளுக்குத்தான் அடுத்த வரி. அவளும் தமிழில் தட்டுத் தடுமாறிப் படித்துவிடுவாள். தடுமாறினால் டீச்சர் தப்பு என்று சொல்ல மாட்டார். "அட, இது புதுசா இருக்குதே, இன்னொருக்கா பாரு" என்பார்.

நல்லாசிரியர்களைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் எனக்குக் கட்டோடு பிடிக்காது. படிக்கும்போதே ஊதுபத்தி வாசனை வரும். ஆனாலும் இந்த எருமையை விட மனம் வரவில்லை. இரண்டு பக்கத்தில் கலகலப்பாக ஒரு சித்திரம் எழுதிவிடலாம் என்று குறிப்பு எடுத்தேன். அது போன ஜூலை மாதம்.

அன்றைய குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. இப்போது அதைப் பார்த்தால் கை கூசுகிறது. "முன்வரிசையில் ஒரு குறும்புக்காரி. கதை நடக்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் புடவைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். எருமையைக் கண்டுபிடிக்கிறாளாம்!" ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறேன். அந்தப் பெண் ஐந்தாறு தடவை எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் புடவைக்கு இந்தப் பக்கம் ஒரு கை நீண்டு வந்து, அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, உட்கார வைத்தது. "பிரீத்தி கண்ணு, கதைய எட்டிப் பாத்தா கதை ஓடிரும்." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிரீத்திக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் முன்வரிசையில் உட்காருவாள். எல்லோரும் சேர்ந்து படிக்கும்போது டீச்சரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கூடவே படிப்பாள். ஒரு சொல் பிசகாது. தனியாகப் படிக்கச் சொன்னால் ஒரு வரி வராது. விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் எங்கேயோ போகும். பேச்சும் கொஞ்சம் குழறும். தலைமையாசிரியர் சுவாமிநாதன் சார் முதல் சத்துணவு ஆயா வரை எல்லோரிடமும் இதற்கு ஒரே பதில் இருந்தது. "ஊட்ல கன்னடமுங்க, அதான் நாக்கு திரும்பல." பக்கத்து ஊரிலிருந்து காது சோதனைக்கு வந்தவர்கள்கூட அவளை எதிரே உட்கார வைத்துப் பேர் கேட்டார்கள், அப்பா பேர் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அதோடு சரி. டீச்சரும் தன் நோட்டில் அவள் பெயருக்கு நேரே, "வீட்டு மொழி கன்னடம், பொறுமை வேண்டும்" என்று எழுதிவைத்திருந்தார்.

அதே தெருவில் அதே கன்னடம் பேசுகிற ஒன்பது பிள்ளைகள் கடகடவென்று படிக்கிறார்களே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பெரிய பத்திரிகைக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவன் நான்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் பிரீத்தியின் அம்மா வித்யா பள்ளிக்கு வந்து, இவளுக்குப் படிப்பு வேண்டாம் என்கிற மாதிரிப் பேசிவிட்டுப் போனாராம். பேருக்குப் பள்ளிக்கு வரட்டும், ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, தறிக்குத் தார் சுற்ற உட்கார வைத்துவிடலாம் என்று வீட்டில் முடிவு. தார் என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற ஓடத்துக்குள் வைக்கிற சின்ன நூல்கண்டு. டீச்சர் அன்றே "நான் பேசிப் பாக்கறனுங்க, நீங்களும் வாங்க" என்று எனக்குப் போன் செய்தார். நல்ல காட்சி கிடைக்கும் என்ற ஆசையில் நானும் கிளம்பினேன். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

பிரீத்தியின் வீட்டு முன்பகுதிதான் தறிக்கூடம். எட்டு விசைத்தறிகள். வாசற்படியில் கால் வைத்ததுமே பல் கூசியது. உள்ளே நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வித்யா நாலாவது தறிக்கு அந்தப் பக்கம் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார். கணவர் குமரகுரு கடைசித் தறியில். பிரீத்தி ஒரு மூலையில், கூடையில் தார் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வித்யா நிமிர்ந்து மகளைப் பார்த்து உதட்டை அசைத்தார். பிரீத்தி உடனே எழுந்து, அலமாரியில் இருந்த ஏழெட்டு நிறக் கண்டுகளில் ஒன்றைச் சரியாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். இரண்டு தறி தள்ளி நின்றபடி அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டி ஒரு முழு வாக்கியம் உதட்டால் சொன்னார். அவள் சிரித்தாள். பள்ளியில் ஒரு வரி படிக்க முடியாத பெண் இங்கே சூட்டிகையின் மறு உருவமாக ஓடிக்கொண்டிருந்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா, எத்தனை வெவரம்!" என்று அவர் கத்தியது எனக்கு உதட்டசைவில்தான் புரிந்தது.

பிறகு டீச்சர் வித்யாவின் காதருகே போய்த் தொண்டை கிழியக் கத்திப் பேச ஆரம்பித்தார். வித்யா சிரித்துக்கொண்டே கையை அமர்த்திக் காட்டி, எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே சத்தம் கொஞ்சம் குறைவு.

"எதுக்குங்க டீச்சர் தொண்டையப் புண்ணாக்கிக்கறீங்க? வாய மட்டும் அசைச்சாப் போதுமுங்க. நாங்க புரிஞ்சுக்குவோம்."

"சத்தமே இல்லாமயா பேசறீங்க?"

"இந்தச் சத்தத்துல கொரலு எதுக்குங்க? எங்க மாமியா காலத்துல இருந்து அப்படித்தான். சும்மா வாயசைப்போம், இல்லாட்டி தோளத் தொட்டுக் கூப்புடுவோம். எங்க ஊட்டுப் புள்ளைங்க நடக்கறதுக்கு முன்னாடி இதத்தான் பழகுமுங்க."

டீச்சர் கொண்டையில் இருந்த சாக்பீஸை எடுத்தார், மறுபடி செருகினார். முகம் வெளுத்துவிட்டது. நான் அவருக்கு மயக்கம் வருகிறது என்றே நினைத்தேன்.

"அக்கா, தறிய நிறுத்துங்க."

"ஏனுங்க?"

"எட்டையும் நிறுத்துங்க. ஒரு அஞ்சு நிமிசம். உங்க கால்ல வேணா உழுவறேன்."

கூடத்துக்குத் திரும்பி வந்து வித்யா உதட்டால் சொன்னதும் குமரகுருவுக்கு முகம் சுருங்கியது. ஓடுகிற தறியை நடுவில் நிறுத்துவது அவர்களுக்குப் பிடிக்காது. துணியில் கோடு விழும். இருந்தாலும் டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனார். எட்டாவது தறியும் நின்றதும் கூடத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. பிரீத்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தார் அடுக்கிக்கொண்டிருந்தாள். தறிகள் நின்றதற்கு அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இப்பக் கூப்புடுங்க. கிட்டப் போவாதீங்க. இங்கிருந்தே."

வித்யாவுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. லேசான சிரிப்போடுதான் கூப்பிட்டார். "பிரீத்தி."

அவள் திரும்பவில்லை.

"பிரீத்தி! ஏ புள்ள!"

வாசலில் தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண் நின்று எட்டிப் பார்த்தாள். பிரீத்தி ஒரு தாரை எடுத்துத் தூசியை ஊதிவிட்டுக் கூடையில் வைத்தாள்.

மூன்றாவது தடவை கூப்பிட்டது பெயரா அலறலா என்று என்னால் சொல்ல முடியாது. என் உடம்பு தூக்கிப் போட்டது. அந்தக் குழந்தை அசையவே இல்லை. வித்யா அப்படியே தறியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எட்டு வருசமுங்க," என்றார். "எட்டு வருசமா முன்னாடி போயித்தானுங்க கூப்புட்டிருக்கறேன். பின்னாடி இருந்து ஒருக்காக்கூட கூப்புட்டதில்லீங்களே." குமரகுரு ஒவ்வொரு தறியாகப் பார்த்தார். நிறுத்தினதை ஓட்டவும் தோன்றாமல், நின்ற இடத்திலேயே நின்றார். தரையில் ஏதோ நிழல் விழுந்ததைப் பார்த்துத்தான் பிரீத்தி திரும்பினாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து, இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அன்று திரும்பும் வழியில் டீச்சர் ஸ்கூட்டரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே பேசினார்.

"அவ எம் மூஞ்சியத் தேடித்தான் வந்திருக்கறாளுங்க. கதை கேக்கறதுக்கு அவளுக்கு இருந்த ஒரே வழி எம் வாய்தான். நான் அதுக்குப் புடவை கட்டி மறைச்சு வெச்சேன். எந்திரிச்சு வந்தவளப் புடிச்சுப் புடிச்சு உக்கார வெச்சேன். ஒண்ணேகால் வருசமுங்க. மத்த இருவத்தஞ்சு பேரும் சிரிக்கறத அவ பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா."

 உங்கள் மேல் என்ன தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். என் சட்டைப் பையில் அந்தக் 'குறும்புக்காரி' குறிப்பேடு இருந்தது. 

சேலத்தில் பரிசோதித்துப் பார்த்த மருத்துவர், இரண்டு காதுமே பெருமளவு கேட்காது என்றார். கைக்குழந்தையில் வந்த காய்ச்சலாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். காதருகே கத்தினால் ஏதோ கொஞ்சம் கேட்கும், மிச்சத்தை உதட்டைப் பார்த்தே நிரப்பிக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாள் இவ்வளவு பேசியதே பெரிய விஷயம் என்று அவரும் ஆச்சரியப்பட்டார். அதுவும் இரண்டு மொழியில். நவம்பரில் காது மெஷின் வந்தது.

அதைப் போட்டுக்கொண்டு முதல்முறை வீட்டுக்குப் போன அன்று நடந்ததை வித்யா என்னிடம் சொன்னார். பிரீத்தி வாசல் வரை சிரித்துக்கொண்டே வந்தாளாம். கூடத்துக்குள் கால் வைத்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். பின்னாலேயே ஓடிப் பிடித்தபோது, "அம்மா, நம்ம ஊடு இப்படியா கத்துது?" என்று கேட்டாள். "இதுக்குள்ளயா இருக்கறீங்க எல்லாரும்?" வித்யா இதைச் சொல்லும்போது சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து வீட்டு வாசலில் மெஷினைக் கழற்றிவிடுகிறாள். பள்ளிக்குக் கிளம்பும்போது மாட்டிக்கொள்கிறாள்.

பள்ளியில் புடவை போய்விட்டது. கயிற்றின் முடிச்சு இறுகிவிட்டதால் அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தரித்தே எடுத்துவிட்டார் டீச்சர். இப்போது எருமை சன்னலை ஒட்டி, வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து அழுகிறது. முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கவே இல்லை. "டீச்சர் மூஞ்சி தெரியுது, எருமை வரமாட்டேங்குது" என்று ஒடிசாக்காரி முறையிட்டாள். டீச்சர் அசரவில்லை. மூக்கை விடைத்து, கண்ணை உருட்டி, எருமையை முகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அதைப் பார்த்து நான் பின்னால் எனக்காகப் போட்ட பெஞ்சிலிருந்து கீழே விழாத குறை.

ஆனால் பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகுதான் இருந்தது. காது கேட்டுவிட்டால் படித்துவிடுவாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. படிப்பது என்றால் டீச்சர் வாயைப் பார்த்து அதேபோல வாயசைப்பது என்றே இத்தனை நாளும் அவள் நினைத்திருக்கிறாள். கையில் இருக்கும் புத்தகத்துக்கும் வாயில் வரும் சொல்லுக்கும் சம்பந்தம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. எல்லோரும் பிடித்திருக்கிறார்கள், தானும் பிடித்தாள். டீச்சர் இதைக் கண்டுபிடித்த அன்று என்னைப் போனில் கூப்பிட்டு, "அனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கறனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று முதல் தினமும் பள்ளி விட்டதும் முக்கால் மணி நேரம். ஒரு எழுத்தைச் சொல்லும்போது பிரீத்தியின் கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வார். பிறகு அதே கையை எழுத்தின் மேல் வைப்பார். கன்னடத்தில் அவளுக்குத் தெரிந்த சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுவார். வீட்டில் பேசுகிற சொல் காகிதத்தில் கிடப்பதைப் பார்த்து அவள் முதலில் நம்பவில்லையாம். ஜூன் வந்தால் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போய்த் தறிகளை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறேன் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தறிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நிச்சயம். பாராட்டி நான் ஏதோ சொல்லப்போக, "என்னைய நல்ல டீச்சருன்னு எழுதினீங்கன்னா ஆபீசுக்கே வந்து சண்டை போடுவேன்" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அதனால் அந்தச் சொல்லை எழுதவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு மாலை மறுபடி போனேன். பிள்ளைகள் போய்விட்டார்கள். வித்யா மகளை அழைத்துப்போக வந்து வாசலில் நின்றிருந்தார். உள்ளே பிரீத்தியும் டீச்சரும் எதிரெதிரே தரையில் சம்மணமிட்டிருந்தார்கள். பிரீத்தி கையில் அதுவரை அவள் பார்த்திராத கதைப்புத்தகம். ஐந்தே வரிகள், ஒரு பக்கம். இதைத் தனியாகப் படித்துவிட்டால் தார் சுற்றுகிற பேச்சை எடுக்க மாட்டோம் என்று அம்மா ஒப்புக்கொண்டிருந்தார்.

பிரீத்தி முதல் சொல்லை எழுத்துக்கூட்டினாள். இரண்டாவது சொல்லில் நின்றாள். தலை நிமிர்ந்தது. டீச்சரின் உதடு அவரை அறியாமலே அந்தச் சொல்லுக்குக் குவிந்துகொண்டிருந்தது. எந்த ஆசிரியருக்கும் அந்த நேரத்தில் உதடு சும்மா இருக்காது.  வித்யா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

பிரீத்தி புத்தகத்தை மடியில் வைத்தாள். முட்டி போட்டு முன்னால் வந்தாள். டீச்சரின் முகவாயை ஒரு கையால் பிடித்து, மெதுவாக, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். திரும்பிய முகம் அங்கேயே நிற்கிறதா என்று ஒரு நொடி பார்த்தாள். பிறகு பின்னால் போய் உட்கார்ந்து, குனிந்து, விரலை இரண்டாவது சொல்லின் மேல் வைத்தாள்.

ஐந்து வரி படிக்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. கடைசிச் சொல் குழறலாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. "முடிஞ்சுதுங்க டீச்சர்" என்றாள். டீச்சர் திரும்பவில்லை. அவர் தோள் குலுங்குவது எங்களுக்குத் தெரிந்தது. சுவரைப் பார்த்தபடியே ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டினார். இன்னொரு தடவை.